கொம்பு முளைத்த பெரியோர்க்கு

இணையவழிப் பாடங்களுக்கு வினா எழுதும் கருவியை வடித்துத் தந்த மேன்மைதங்கிய நிறுவனத்தாருக்கு,

கொழும்புத்துறையிலிருந்து தரம் 8 தமிழ் ஆசிரியை எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலம் கேட்க மாட்டேன்; கொம்பு முளைத்தவர்களுக்கு என்ன குறை?

செவ்வாய்க்கிழமை பின்னேரம், சூமில் முப்பது பிள்ளைகள் பார்த்திருக்க, உங்கள் தளம் எனக்குப் பிழை போட்டது. கேள்வி நான் எழுதியது: 1964இல் சமாதியடையும்வரை யோகர் சுவாமிகள் குடிலில் வாழ்ந்த ஊர் எது? விடையும் நான் எழுதியதுதான். பிள்ளைகள் 'கொழும்புத்துறை' என்று அடிக்க, எல்லோருக்கும் சிவப்புப் புள்ளடி. நானே அடித்துக் காட்டினேன். எனக்கும் புள்ளடி. ஒரு பெடியன் மைக்கைத் திறந்து, "ரீச்சர், நீங்கள் எந்த ஊர்?" எண்டு கேட்டான்.

இரவிரவாக நோண்டியதில் உங்கள் திருவிளையாடல் விளங்கியது. நான் பாமினி எழுத்துருவில் வைத்திருந்த பழைய வினாத்தாளை யூனிகோட் மாற்றியில் போட்டு ஏற்றினேன். அது 'கொ'வைக் ககரம், கொம்பு, அரவு என்று மூன்றாக வைத்தது. பிள்ளைகளின் கைபேசியோ கொம்பையும் அரவையும் ஒரே குறியாக வைத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோட் தரமும் இரண்டும் ஒன்றுதான் என்கிறது. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதும். அந்த ஒரு வரி உங்கள் கொம்புக்கு எட்டவில்லை.

கருவியின் அழகையும் பாடாமல் விடலாமா? உயர்தர இரசாயனவியல் பல்தேர்வுத் தாளில் 50 வினா, வினாவுக்கு 5 விடை. உங்கள் கருவியில் விடைக்கொரு பெட்டி: பக்கத்து வகுப்புச் சேர் 250 பெட்டி திறந்து மூடினார். இலவசமாகக் கிடைக்கும் மூடில் கற்றல் தளத்தில், வெறும் உரைக் கோப்பில் சரியான விடைக்குமுன் சமக்குறியும் பிழையானதற்குமுன் நெளிகோடும் போட்டால் தாள் முழுவதும் ஒரேயடியாக ஏறிவிடும். ஆனால் அதற்குக் கொம்பில்லையே.

ஒரு பிள்ளை தாயின் கைபேசியில், கடனுக்குப் போட்ட டேட்டாவில் இருந்தது. தன் ஊர்ப் பெயரை ஐந்து முறை அடித்தது. ஐந்து முறையும் பிழை என்றீர்கள். "எனக்குத் தமிழ் வராது ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டது. நீங்கள் செய்த கருவியில் ஒரு தமிழ்ச் சொல்லையாவது அடித்துப் பார்த்தீர்களா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னியுங்கள். கைதவறிக் கொம்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். தாங்கள் சாவகாசமாகத் திருத்துங்கள், அவசரமில்லை. அதுவரைக்கும் கேள்வியை மாற்றிவிட்டேன்: யோகர் சுவாமிகள் பிறந்த ஊர் எது?

விடை மாவிட்டபுரம். அதில் கொம்பு இல்லை.