மித்தும் மீத்தும்

கேள்வி: ஆங்கில 'மித்'தை பிரெஞ்சில் 'மீத்' என்று போட்டுவிட்டால் போதாதா? இரண்டும் ஒரே கிரேக்க வேரில் பிறந்தவைதானே!

பதில்: உடன்பிறந்தவை என்பதற்காக ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியுமா? சிசிபஸ் பாறை உருட்டிய கதை என்றால் தாராளமாக 'மீத்' போடுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942-ல் வெளியிட்ட நூலுக்குத் தலைப்பே அதுதான். ஆனால் 'இருட்டில் படித்தால் கண் கெடும்' என்பதையும் ஆங்கிலத்தில் மித் என்பார்கள். அதற்கு பிரெஞ்சில் 'மீத்' என்றாலும் புரியும். இன்னும் பொருத்தமானது 'இதே ரெசு'. யாரும் உரசிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்ட எண்ணம் என்று பொருள். எவ்வளவு அருமையான சொல்! நாவலாசிரியர் ஃப்ளோபேர் இத்தகைய எண்ணங்களைத் திரட்டி ஓர் அகராதியே எழுதினார். 1880-ல் அவர் இறந்த பிறகுதான் அது அச்சேறியது.

நகரத்தில் வாய்வழி உலவும் புரளிக்கதையா? 'லெஜாந்த் உர்பேன்'.

விமர்சகர் ரோலன் பார்த் 1957-ல் 'மீத்'தை வேறெங்கோ கொண்டுபோனார். மல்யுத்தம், சலவைத்தூள், சித்ரோயன் கார் எல்லாமே அவருக்கு மீத். மனிதர் உண்டாக்கியதை இயற்கையாகத் தோன்றச் செய்யும் தந்திரத்தை அப்படி அழைத்தார். அவரை மொழிபெயர்க்கும்போது 'புராணம்' என்று எழுதினால் வாசகர் வழிதவறுவார்.

ஓர் எச்சரிக்கை: பேச்சு பிரெஞ்சில் 'மீத்தோ' என்றால் புளுகன். புராண ஆராய்ச்சியாளரை அப்படி அழைத்துவிடாதீர்கள்!

அகராதியைத் திறக்குமுன், நீங்கள் சொல்ல வருவது புராணமா, புரளியா, தப்பெண்ணமா என்று முதலில் முடிவுசெய்யுங்கள்.