நகலுக்கு ஒரு நமஸ்காரம்

பொம்பெய் பார்க்கப் போகிறவனுக்கு வரலாறு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரில் இன்றும் ஒரு ஊர் இருக்கிறது. கடைத்தெரு, மருந்துக்கடை, பெரிய தேவாலயம் எல்லாம் உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிவிட்ட பழைய ஊரைப் பார்க்க, 'பொம்பெய் ஸ்காவி' என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் இதைத் தெளிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நான் 'பொம்பெய்' வரைக்கும்தான் படித்திருக்கிறேன்.

"மாமா, எங்க நிக்கிறீங்க?"

"சர்ச் வாசல்ல."

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவன் டிக்கெட்டோடு மேற்கு வாசலில் காத்திருந்தான். கடைசியில் அவன்தான் சுற்றிக்கொண்டு நடந்து வந்தான். கிழக்குக் கோடியில், வட்டரங்கம் இருக்கும் பக்கமாக உள்ளே போனோம். என் கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகமோ மேற்கு வாசலிலிருந்து தொடங்குகிறது. ஆக, முழு நகரத்தையும் பின்னட்டையிலிருந்து முன்னட்டைக்குப் படித்துக்கொண்டு போனவன் நான்.

வட்டரங்கம் கிட்டத்தட்ட கி.மு. 70இல் கட்டியது, கல்லில் கட்டி இன்றும் நிற்கும் ரோமானிய வட்டரங்கங்களில் மூத்தது. கி.பி. 59இல் பக்கத்து ஊரான நுகேரியாவிலிருந்து ஆட்டம் பார்க்க வந்தவர்களோடு உள்ளூர்க்காரர்கள் மோதியதில் உயிர்கள் போயின. பத்து வருஷம் இங்கே ஆட்டமே கூடாது என்று ரோம் தடை போட்டது. இதை நான் உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் தங்கள் டீச்சரை விட்டுவிட்டு என் செருப்பைப் பார்த்தார்கள்.

செருப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தோல் செருப்பு, தேய்ந்த அடி. பொம்பெய்த் தெருக்கள் பெரிய எரிமலைக் கற்களைப் பாவியவை. வண்டிச் சக்கரம் ஓடி ஓடி ஆழமான தடம் விழுந்தவை. தெருவில் தண்ணீரும் கழிவும் ஓடும் என்பதால், ஜனங்கள் கால் நனையாமல் கடக்கக் குறுக்கே உயரமான கற்களைப் போட்டிருக்கிறார்கள். சக்கரம் நுழைந்து போக நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியில் என் செருப்பும் நுழைந்தது. நான் மட்டும் மேலே நின்றேன்.

தாகத்துக்கு வாசலில் கொள்ளை விலையில் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கியிருந்தேன். உள்ளே போனால், தெரு முனைகளில் உள்ள பழைய நீரூற்றுகள் சிலவற்றில் குழாய் வைத்து இன்றும் குடிதண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் பிடிக்கக் குனிந்தவர்கள் கையூன்றி ஊன்றியே தொட்டியின் விளிம்புக் கல் வழவழவென்று குழிந்திருக்கிறது. அதில் நானும் கையை ஊன்றிக்கொண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன்.

சுவர்களில் தேர்தல் விளம்பரம் எழுதுவதில் பொம்பெய்க்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல, ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. வாட்டியா என்ற வேட்பாளருக்குச் சில்லறைத் திருடர்களும் ராத்திரிக் குடிகாரர்களும் ஆதரவு தெரிவிப்பதாகக்கூட எழுதியிருக்கிறார்கள். எதிர்க்கட்சி வேலையாக இருக்கலாம். அதைத் தேடி அலைந்து, ஒரு சந்தில் சிவப்பாக ஏதோ கண்ணில் பட்டதும் பயபக்தியோடு பல கோணங்களில் படம் எடுத்தேன். மருமகன் பெரிதாக்கிப் பார்த்தான். ரிப்பேர்க்காரர்கள் போட்டிருந்த அடையாள எண்.

ஃபான் மாளிகையில்தான் உச்சம். அலெக்சாண்டர் பாரசீக மன்னன் டேரியஸோடு மோதும் மொசைக் இங்கே தரையில் கிடைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுக் கற்கள். கயிற்றுக்கு இப்பால் நின்று, டேரியஸ் முகத்திலுள்ள திகிலை நான் விளக்கிக்கொண்டே போனேன். கண்கூட லேசாகக் கலங்கியது.

"மாமா, இது நகல். அசல் நேப்பிள்ஸ் மியூசியத்துல இருக்கு."

முற்றத்தில் ஆடும் ஃபான் சிலை? அதுவும் நகல். அடுப்பிலேயே கரியாகிப்போன ரொட்டிகள்? அவையும் அங்கேதான். போகட்டும், 1938இல் இங்கே ஒரு வீட்டில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை? 'பொம்பெய் லட்சுமி' என்பார்கள்; யட்சியாக இருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. கால் மீட்டர் உயரம்கூட இல்லாத அந்தப் பெண், கடல் வணிகம் நடந்த காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் வந்திருக்கிறாள். அவளும் நேப்பிள்ஸில்தான்.

அசலாக இருந்தவற்றிடமும் நான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. சாம்பலுக்குள் உடல்கள் மக்கிப்போய் வெற்றிடமாக இருந்த இடங்களில் 1863இல் ஃபியோரெல்லி என்ற அகழாய்வாளர் சாந்தை ஊற்றி, செத்தவர்கள் கிடந்த நிலையை அப்படியே எடுத்தார். முழங்காலை மடக்கி, முகத்தை மூடிக்கொண்ட ஒரு உருவம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. படம் எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று நகர்ந்து நின்று மறுபடி எடுத்தேன். அப்புறம் என் முகமும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒன்று. அதை அழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் போனில் இருக்கிறது.

மறுநாள், எல்லா அசல்களையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும் வீராப்போடு காலையிலேயே நேப்பிள்ஸ் மியூசியத்துக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். மதியம் எனக்கு விமானம். நீங்கள் போவதாக இருந்தால் மியூசியத்தை முதலில் பாருங்கள், இடிபாடுகளை அப்புறம் பாருங்கள், ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மியூசியத்துக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை.