பந்தின் மேல் ஒரு முக்கோணம்

கேள்வி: முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி என்றுதான் நான் படித்தேன். என் மகள் காகிதத்தில் ஓர் உருண்டை செய்து வைத்துக்கொண்டு 270 என்று சாதிக்கிறாள். யாரை நம்புவது?

பதில்: மகளைத்தான்! உங்கள் 180 தட்டையான தாளுக்கு உரியது. அவளுடைய உருண்டையை மூன்று பெருவட்டங்கள் (பந்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டங்கள்) ஒன்றுக்கொன்று செங்குத்தாக வெட்டியிருக்கும்; எட்டு முக்கோணங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று செங்கோணங்கள். 180-ஐ விட 90 அதிகம். எட்டுத் தொண்ணூறு 720.

அடுத்து இருபது முக்கோண உருண்டையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு முனையில் ஐந்து முக்கோணங்கள் கூடுவதால் ஒவ்வொரு கோணமும் 72, கூட்டினால் 216. அதிகம் 36 மட்டுமே. ஆனால் இருபது முப்பத்தாறும் அதே 720! உருண்டையை 120 முக்கோணங்களாக நறுக்கினாலும் ஆளுக்கு 6 டிகிரிதான் கூடுதல், மொத்தம் மாறாது. எப்படிப் பங்கு போட்டாலும் சொத்து குறையாத குடும்பம் இது. இதைத் தானே கூட்டிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கோள வடிவியல் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

மாக்னஸ் வென்னிங்கர் என்ற அமெரிக்கத் துறவி, பஹாமாஸில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இத்தகைய காகித உருண்டைகளுக்கென்றே 1979-இல் ஒரு புத்தகம் எழுதினார். தாள், கத்தரிக்கோல், பசை போதும்.

இருபது முக்கோண உருண்டையின் விளிம்புகளுக்கு 30 வில்பட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றும் உருண்டையின் மையத்தில் சுமார் 63.4 டிகிரி. கெட்டியான அட்டையாக வாங்கிக் கொடுங்கள்.