தராசுக்குக் கண் வைத்தவர்

அமெரிக்க வீடுகளில் காருக்கென்று கட்டிய கராஜில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். ஒஹாயோ மாநிலத்துப் புறநகர் ஒன்றில், ஜனவரிப் பனியில் கார் வெளியே நனைந்துகொண்டிருக்க, உள்ளே நடுராத்திரி வரை விளக்கு எரிந்தால் அங்கே ஒரு தராசுக்காரர் குடியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஓய்வு பெற்ற இன்ஜினியர், அல்லது பல் டாக்டர், அல்லது காலமெல்லாம் லேத்தில் நின்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்துப் பழகியவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி இருக்கும். இரண்டையும் தேடிக்கொண்டிருப்பார்.

இவர் தம் ரைபிளுக்கான தோட்டாவைத் தாமே தயாரித்துக்கொள்பவர். அந்த நாட்டில் இது சட்டத்துக்கு உட்பட்ட பழைய பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து சுத்தம் செய்து, சுடும்போது வாயு அழுத்தத்தில் விரிந்துபோன உடம்பை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் தீமூட்டும் புது பிரைமர், உள்ளே நிறுத்துப் போட்ட வெடிமருந்து, வாயில் குண்டு. ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் சிக்கனம் என்பார். தோட்டாவில் விலை கூடிய பாகம் கூடுதான், அதைப் பல தடவை பயன்படுத்தலாம் என்று கணக்குச் சொல்வார். கணக்கு சரிதான். அந்தச் சிக்கனத்துக்காக வாங்கிய பிரஸ், அச்சுகள், கூட்டுக்கு மெருகேற்றும் இயந்திரம், குண்டின் வேகத்தை அளக்கும் கருவி, இவற்றை வைக்க அடித்த அலமாரி எதுவும் அந்தக் கணக்கில் வராது. தோட்டா மலிவாகிவிட்டதே என்று இரண்டு மடங்கு சுடுவதும் வராது. அவர் மனைவியிடம் வேறொரு கணக்கு இருக்கிறது. அதை அவர் கேட்டுப் பார்ப்பதில்லை.

மற்ற வேலைகளையெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்வார். மருந்தை நிறுக்கும்போது மட்டும் ரேடியோ நின்றுவிடும். இதை நாம் கேலி செய்ய முடியாது. கூட்டில் மருந்து அளவுக்கு மீறிப் போனால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். விரலோ கண்ணோ போகும். அவர் நிறுப்பதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. நிறுத்த பிறகும் நிறுத்துக்கொண்டே இருக்கிறாரே, அங்கேதான் நம் சித்திரம் ஆரம்பமாகிறது.

இந்த உலகத்தில் எடையைக் கிராமில் சொல்ல மாட்டார்கள். கிரெயின்தான். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை. நம் வீட்டுப் பழைய குன்றிமணி ஒன்றை எடுத்து அவர் தட்டில் போட்டால் இரண்டு கிரெயினை ஒட்டி நிற்கும். அவருடைய 6.5 கிரீட்மோர் தோட்டா ஒன்றுக்குள் போவது நாற்பது கிரெயின் சொச்சம் மருந்து. அதில் பத்தில் ஒரு கிரெயின் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்பதே அவருடைய ராத்தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. இம்மி பிசகக் கூடாது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அவர் அந்த இம்மியை இடுக்கியால் எடுத்துக் காட்டுவார்.

மேசையின் நடுநாயகம் ஒரு பச்சை நிறத் தராசு. ஆர்.சி.பி.எஸ். என்று பெயர் பொறித்தது. 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய நிறுவனம் அது. நான்கு எழுத்தின் விரிவு, ராக் சக் புல்லட் ஸ்வேஜ். ராக் சக் என்பது பாறை இடுக்குகளில் வசிக்கும் ஒரு கொறிக்கும் பிராணி. அதைச் சுடும் குண்டுக்கு அச்சுச் செய்யப்போய் ஒரு நிறுவனமே பிறந்துவிட்டது. தராசின் அமைப்பு நேரானது. கத்தி முனைபோல் தீட்டிய அச்சு, அது உட்காரக் கடினமான கல்லில் பள்ளம், ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் முள். முள் ஆடிக்கொண்டே இருக்காமல் அடங்க, தண்டோடு சேர்ந்த ஒரு தகடு காந்தங்களுக்கு நடுவே எதையும் தொடாமல் போய் வரும். தகடு அசையும்போது அதில் எழும் மின்னோட்டமே அசைவைத் தடுக்கும்; நின்றதும் தடையும் போய்விடும். இதை விளக்கும்போது அவர் குரல் தழதழக்கும்.

நடுவில் ஒரு முறை எலெக்ட்ரானிக் தராசுக்கு மாறிப் பார்த்தார். எண்ணைப் பளிச்சென்று காட்டியது. காலையில் பூஜ்யம் என்றது, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் காலித் தட்டுக்கே ஏதோ எடை சொன்னது. ஹீட்டர் காற்று பட்டால் ஒரு எண், மேலே குழல்விளக்கைப் போட்டால் ஒரு எண், பக்கத்தில் செல்போன் அழைத்தால் ஒரு எண். காந்த விசையால் சமன் செய்யும் ஆய்வகத் தராசு இந்தக் கோளாறுகளில் பலவற்றை நன்றாகவே தாங்கும். ஆனால் அதன் விலையைச் சொன்னபோது மனைவி பதிலே பேசவில்லை. அந்த மௌனத்தை அவர் சரியாகவே நிறுத்துப் பார்த்து, பச்சைத் தராசைப் பரணிலிருந்து இறக்கினார்.

பச்சைத் தராசு பொய் சொல்லாது. அதைப் படிக்கிற கண்தான் சொல்லும். முள்ளுக்கும் கோட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. கண் ஒரு விரல்கடை மேலே இருந்தால் முள் கீழே இருப்பதாகத் தோன்றும், கீழே இருந்தால் மேலே. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இடமாறு தோற்றப்பிழை என்று எழுதி இரண்டு மார்க் வாங்கினோமே, அதேதான். ஆகவே ஒவ்வொரு தோட்டாவுக்கும் முழங்காலை மடக்கி, மேசை விளிம்பில் தாடையை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி முள்ளுக்கு நேராக வரவேண்டும். எழும்போது முழங்கால் சொடக்கும். ஐம்பது தோட்டாவுக்கு ஐம்பது தோப்புக்கரணம். பிள்ளையாருக்குப் போட்டிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும்.

இந்த நிலையில்தான் கேமரா வந்தது. கொரோனா காலத்தில் பேரனோடு பேச வாங்கிய வெப்கேமரா, கம்ப்யூட்டர் மேல் தூசி படிந்து கிடந்தது. அதை ஒரு கவ்வியில் மாட்டி, முள்ளுக்கு நேர் மட்டத்தில், நாலு விரல்கடை தள்ளி நிறுத்தினார். கேமராவுக்கு முழங்கால் கிடையாது. ஒரு தடவை மட்டம் பார்த்து வைத்தால் ராத்திரி முழுக்க அதே மட்டம்.

"ஞாயித்துக்கிழமை பேரன் கூப்பிடுவானே, கேமரா எங்கே?" என்றார் மனைவி.

"தராசுகிட்ட இருக்கு."

"அப்ப அவனைத் தராசோடயே பேசச் சொல்லிடறேன்."

முதல் ராத்திரி கேமரா படுத்திய பாடு தனி. தானாக ஃபோகஸ் செய்கிற வசதி முள்ளைப் பிடிப்பதா, பின்னால் தொங்கும் நாள்காட்டியைப் பிடிப்பதா என்று முன்னும் பின்னும் அலைந்தது. அதை அணைத்துக் கையால் திருப்பி வைத்தார். பளபளப்பான அளவுத்தகட்டில் விளக்கு பட்டுக் கூசியது. பக்கவாட்டில் ஒரு சின்ன எல்.இ.டி.யை வைத்து அதன்மேல் டிரேசிங் பேப்பர் ஒட்டினார். பிறகு லேப்டாப் திரையில் முள் விரல் தடிமனுக்கு வந்து நின்றது. கோட்டுக்கு நேராக லேப்டாப்பின் மேலேயே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்.

அடுத்து நடந்ததை அவர் யாரிடமும் சுருக்கிச் சொல்வதில்லை. டிரிக்ளர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. படுத்திருக்கும் குழாயை விரலால் உருட்ட உருட்ட, மருந்து மணி மணியாகத் தட்டில் விழும். அவர் பயன்படுத்தும் மருந்து, பென்சில் முனையை நறுக்கியதுபோல் கறுப்பான குட்டி உருளைகளாக இருக்கும். ஒரு மணியின் எடை கிரெயினில் ஐம்பதில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு அந்த ஒரு மணியால் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. இப்போது குழாயை ஒரு மயிரிழை திருப்பினார். ஒரு மணி விழுந்தது. திரையில் முள் நகர்ந்தது.

மனைவியை எழுப்பினார். மணி பன்னிரண்டரை. அவர் வந்து பார்த்து, "நகர்ந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷ இல்லறத்தில் அதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

கண் கூர்மையானதும் நிம்மதி போயிற்று. இதற்கு முன் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தட்டுப் பக்கம் மூச்சு பட்டால் முள் ஆடுவது திரையில் தெரிந்ததும் அதையும் நிறுத்திக்கொண்டார். தெருவில் குப்பை லாரி போனால் முள்ளுக்குத் தெரிகிறது. பூனை கராஜுக்குள் வர நிரந்தரத் தடை. குளிர்காலத்து வறண்ட காற்றில் பிளாஸ்டிக் புனலில் மருந்து ஒட்டிக்கொள்கிறது என்று, துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிற வாசனைத் தாளால் புனலைத் துடைக்கிறார். தராசைச் சுற்றி ஒரு பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்தாயிற்று. பாதி மணி கூடினால் என்ன செய்வது என்று நகவெட்டியைக் கையில் எடுத்து, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கீழே வைத்தார். ரொம்ப தூரம் தள்ளி வைக்கவில்லை.

ஒரு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும். கேமரா தராசைத் திருத்தாது, பிழையிருந்தால் பிழையையும் சேர்த்துப் பெரிதாகவே காட்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வாரம் ஒரு தடவை கத்தி முனையைத் தூரிகையால் துடைப்பார். எடை தெரிந்த படிக்கற்களை வைத்துச் சோதிப்பார். அதே கல்லைத் திரும்பத் திரும்பத் தூக்கி வைத்து, முள் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார். எடை உண்மையில் நாற்பதா, நாற்பதே முக்காலே மூணு வீசமா என்பதைவிட, நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் ஒன்றா என்பதே குறி பார்ப்பவனுக்கு முக்கியம். இந்தத் தெளிவு நம் ஆபீஸ் புள்ளிவிவரக்காரர்கள் பலரிடம் கிடையாது.

சரி, இத்தனையும் எதற்கு? ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெரி என்று ஒரு மைதானம் இருக்கிறது. தேசிய ரைபிள் போட்டிகள் 1907-இல் அங்கே வந்து சேர்ந்தன. ஆயிரம் கஜம் தள்ளி இலக்குப் பலகை. எஃப் கிளாஸ் என்ற பிரிவில் பத்து மார்க் வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். பத்தில் ஒரு கிரெயின் மருந்து வித்தியாசத்தால் குண்டின் வேகம் நொடிக்கு ஐந்தாறு அடி மாறும். ஆயிரம் கஜத்தில் அது மேலும் கீழுமாக இரண்டு அங்குலத்துக்குள்தான். ஏரியிலிருந்து வரும் குறுக்குக் காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தாலோ, பக்கவாட்டில் ஆறேழு அங்குலம் போய்விடும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்று நம் ஊரில் சொல்வது இவருக்காகவே சொன்னது.

இன்னொன்றும் உண்டு, அதை அவர் முன்னால் சொல்லாதீர்கள். நூறு, இருநூறு கஜத்தில் ஐந்து குண்டையும் ஒரே துளைக்குள் போடுகிற பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் மருந்தை நிறுப்பதே இல்லை. மைதானத்து மேசையிலேயே ஒரு கைப்பிடியை மேலே தூக்கிக் கீழே இறக்கி, கொள்ளளவில் அளந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். தராசுக்காரர் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: அவர்கள் மருந்து பொடி மணி, சீராக விழும், தம்முடையது நீள மணி, சிக்கிக்கொள்ளும். பதில் நியாயமானதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது முகம் சிவந்துவிடுகிறது.

அடுத்த தெருவில் ஒரு மான் வேட்டைக்காரர் இருக்கிறார். மஞ்சள் நிற பிளாஸ்டிக் கரண்டி ஒன்றால் மருந்தை மொண்டு, ஒரு அட்டையால் தலைதட்டிப் போடுவார். ஒவ்வொரு வேட்டைப் பருவத்திலும் அவர் வீட்டு ஃபிரீசர் நிறைந்துவிடும். எண்பது கஜத்தில் நிற்கிற மானுக்குக் கிரெயினில் ஐம்பதில் ஒரு பங்கு தெரியாது. இருவரும் பத்து வருஷமாக நண்பர்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் இவருக்கு இறைச்சி தருவார், இவர் அவருக்கு இரண்டாம் கைத் தராசு ஒன்றைத் தர முயல்வார்.

அந்தக் குறுக்குக் காற்றைப் பற்றி நான் கேட்டபோது தராசுக்காரர் கோபிக்கவில்லை. "காற்று கானலில் தெரியும். தொலைநோக்கியில் அலை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்க்க வேண்டும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, அந்தத் தொலைநோக்கியின் கண்துளையில் மாட்டுவதற்கென்றே ஒரு கேமரா வந்திருக்கிறது என்றார். விலையை மனைவி காதில் விழாதபடி சொன்னார்.

அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் செல்போனைக் காரிலேயே வையுங்கள். கராஜ் கதவை மெதுவாகச் சாத்துங்கள். தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்முங்கள். இதுவரை எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். புறப்படும்போது, உங்களிடமும் ரைபிள் இருக்கிறது என்பதற்காக அவருடைய தோட்டாவில் நாலு கேட்டு வாங்க நினைக்க வேண்டாம். ஒருவர் தம் துப்பாக்கிக்கென்று நிறுத்துப் போட்ட தோட்டாவை இன்னொருவர் துப்பாக்கியில் சுடக் கூடாது. இந்தத் தொழிலில் அது எழுதப்பட்ட விதி. அவரும் தர மாட்டார்.