கலைத் தந்தை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எழும்பூர் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். காதி குர்தா, தோளில் ஜோல்னாப் பை, ஒரு கையில் நாலு வயசுப் பையன், மறு கையில் செல்போன். பைக்குள் ஏதோ சிற்பக்கலை நூல் இருக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். தண்ணீர் பாட்டில், மாற்று டிராயர், அரை பாக்கெட் பிஸ்கட், அவ்வளவுதான். பின்னால் ஏழு வயசு மகள், அவளுக்குப் பின்னால் புளிசாதக் கூடையோடு மனைவி, கடைசியாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மா.

குழந்தைகளுக்குக் கலை ரசனையை ஊட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட தகப்பன் இவர். சோறு ஊட்டுகிற வேலையை மனைவிக்கு விட்டுவிட்டார். அவருக்கும் கலைக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு, எட்டாம் வகுப்பில் வாழைப்பழம் வரைந்து டிராயிங் மாஸ்டரிடம் வாங்கிய குட்டு. (சிரிக்காதீர்கள். இதை எழுதுகிறவனிடமும் ஒரு ஜோல்னாப் பை இருக்கிறது.)

முதல் படையெடுப்பு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. ஆபீசுக்கு லீவு போட்டு, பிள்ளைகளுக்கும் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்து, குடும்பத்தோடு போய் இறங்கினால் கேட்டில் பூட்டு. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. “இன்னிக்கு வெளியிலேருந்து கட்டடக் கலையைப் பார்ப்போம்” என்று அவர் சமாளித்தார். பிள்ளைகள் வெளியிலிருந்து ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்தார்கள்.

அடுத்த படையெடுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட் திறந்திருந்தது. “செத்த காலேஜுக்கா கூட்டிட்டு வந்தே?” என்றுதான் அம்மா கேட்டாள். மிருகக் காட்சி சாலை உயிர் காலேஜ், அருங்காட்சியகம் செத்த காலேஜ்: இது பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர். 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் விவரமான ஆள். பாடம் பண்ணி வைத்ததைவிட உயிருள்ள மிருகத்தைப் பார்க்கத்தான் ஜனம் முண்டியடிக்கிறது என்று கண்டுகொண்டு, 1855-இல் இதே வளாகத்தில் ஒரு மிருகக் காட்சி சாலையே தொடங்கிவிட்டார். அப்புறம் அது இடம் மாறிப் போய்விட்டது. ஜனம் மாறவில்லை. திமிங்கல எலும்புக்கூட்டைச் சின்னவன் அரை நிமிஷம் பார்த்தான். வாசல் மரத்தில் ஓடிய அணிலைக் கால் மணி நேரம் பார்த்தான்.

கலைத் தந்தையின் முழுச் சிறப்பையும் காண வேண்டுமானால் செப்புத் திருமேனிகள் இருக்கிற கூடத்துக்குப் போக வேண்டும். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். “ரோதான்னு பிரான்ஸ்ல பெரிய சிற்பி. இந்த நடராஜரோட போட்டோவைப் பார்த்தே சொக்கிப்போய்க் கட்டுரை எழுதினாரு, தெரியுமா?” உண்மைதான், எழுதினார். ரோதான் போட்டோவுக்குள் சிலையைக் கண்டார். நம்மவர் சிலையை எதிரில் வைத்துக்கொண்டு, செல்போனில் விழுந்த போட்டோ சரியாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அப்பா, சுத்தி நெருப்பு வட்டம் இருக்குமே, அது எங்கே?” என்றாள் பெரியவள்.

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். திருவாசி இல்லை. ஏழெட்டு போட்டோ எடுத்தவர் கண்ணில் அது படவே இல்லை. “பாலிஷ் போட எடுத்திருப்பாங்கம்மா” என்றார். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துச் சோழர் காலச் சிலைக்கு இப்படி ஒரு விளக்கத்தை எந்த ஆய்வாளரும் தந்ததில்லை.

சின்னவனுக்கு நடராஜரே தெரியவில்லை. அவன் உயரத்துக்கு நேரே இருந்தது காலடியில் கிடக்கும் முயலகன்தான். கையைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றான். “இந்தப் பாப்பாவை ஏன் மிதிக்கிறாங்க? அழுவுது பாரு” என்று உதட்டைப் பிதுக்கினான். கலைத் தந்தை குனிந்து, மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் வித்தையை விளக்க ஆரம்பித்தார். “பாப்பாவையும் சூடு பண்ணாங்களா?” என்று கேட்டு அவன் நிஜமாகவே அழுதுவிட்டான்.

இத்தனைக்கும் நடுவே பாட்டி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு திருமேனி முன்னாலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “ஒரு பூக்கூட வைக்காம நிக்க வெச்சிருக்காங்களே” என்று முணுமுணுத்தாள். அந்தக் கூடத்தில் சிலைகளை முகம் பார்த்துப் பேசியது அவள் ஒருத்திதான்.

பழங்கலை முடிந்தால் நவீன கலை. அடுத்த ஞாயிறு, ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஓவியர்களைச் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய கிராமம். பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் எழுத்துபோல ஏதேதோ நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எந்த மொழியிலும் படிக்க முடியாது. அப்படி ஒரு படத்தைப் பெரியவள் எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்றாள்.

“படிக்கக் கூடாதும்மா. உணரணும்.”

“அப்ப இங்கிலீஷ் புக்கையும் உணர்ந்துக்கட்டுமா?”

அவர் பதில் சொல்லவில்லை. படத்தின் முன்னால் தலையை இடது பக்கம் ஐந்து டிகிரி சாய்த்து நின்றார். கலைத் தந்தைக்குப் புரியாத இடங்களில் தலை சாயும். சுத்தமாகப் புரியவில்லை என்றால் ஒரு “ம்” வரும். இந்த ஓவியர்கள் அந்தக் காலத்தில் பாத்திக் துணி செய்து விற்றுப் பிழைத்தார்கள் என்று அவர் சொன்னதும் மனைவி முதல்முறையாகக் காது கொடுத்தாள். “அதுல புடவை இருக்குமாங்க?” என்றாள்.

கடைசியில் பழங்கால வீடுகளும் கைத்தொழில்களும் காட்சிக்கு இருக்கிற முட்டுக்காட்டு தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீட்டுத் தூணைப் பற்றி அவர் வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் குயவர் சக்கரத்துக்கு ஓடிவிட்டார்கள். இங்கே தொடலாம், “தொடாதே” என்று சொல்ல வழியில்லாமல் அவருக்குப் பாதிப் பேச்சு போய்விட்டது. பெரியவள் கோணலாக ஓர் அகல் செய்தாள். சின்னவன் கையெல்லாம் மண்ணாக்கிக்கொண்டு, இரண்டு நிமிஷத்தில் அலுத்துப்போய், பூனை பின்னால் போய்விட்டான்.

“எப்படிப் பண்றதுன்னு அப்பா காட்டறேன்” என்று குர்தா கையை மடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். மண் உயர்ந்தது, சரிந்தது. குயவர் மறுபடி உருட்டி வைத்தார். மறுபடி உயர்ந்தது. செல்போன் அடித்தது, அவர் காதில் விழவில்லை. மூக்கு நுனியில் மண். நாக்கு லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

புளிசாதம் பிரித்தாகிவிட்டது என்று மனைவி இரண்டு தரம் வந்து கூப்பிட்டாள். மூன்றாம் தரம் சின்னவனைக் கூப்பிடுகிற அதே குரலில் அதட்டினாள். பின்னால் ஆறேழு குழந்தைகள் வரிசையில் நின்றன. முதலில் நின்ற ஒரு குட்டிப் பெண் அவர் முதுகைத் தட்டி, “அங்கிள், எங்க டர்ன் எப்போ?” என்றாள்.

“இரும்மா, இன்னும் ஒரே ஒரு வாட்டி” என்றார் அவர், திரும்பாமல்.