என்னைக் கவிழ்த்த பொடிசுகள்

ஆங்கிலத்தில் பெரிய சொற்களுக்கு நான் பயந்தவனில்லை. 'ரீகன்சிலியேஷன்' என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். மானத்தை வாங்கியதெல்லாம் ஆஃப், ஃபார், டு போன்ற பொடிசுகள்தான்.

முதல் வேலையில் ஓராண்டு முடிந்ததும், செய்யும் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஜி.எம்.முக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்பதில் கொஞ்சம் பெருமை உண்டு. 'ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள் ஃபார் தி ஜெனரல் மேனேஜர்' என்று முதல் வரியிலேயே போட்டேன். மறுநாள் கூப்பிட்டார். 'ஃபார்' மேல் சிவப்பு மையில் வட்டம்.

"ஏம்ப்பா, என்னை வளர்க்கிறது நீதானா?"

கேள்வி புரியவில்லை. பழக்க தோஷத்தில் "யெஸ் சார்" என்றேன்.

அங்கே 'டு' வர வேண்டுமாம். 'ஃபார்' போட்டால் அவரைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பாகிவிடும்.

சில வருடம் கழித்து ஸ்டோர்ஸை என்னிடம் கொடுத்தார்கள். இந்த முறை 'ஐ ஆம் இன் தி சார்ஜ் ஆஃப் த்ரீ கிளார்க்ஸ்' என்று எழுதினேன். நடுவே அந்தத் 'தி' இல்லாவிட்டால் மூன்று பேருக்கும் நான் பொறுப்பு. அது நுழைந்துவிட்டதால் அவர்கள் மூவரும் எனக்குப் பொறுப்பு! படித்துப் பார்த்த மூத்த கிளார்க் சிரிக்கக்கூட இல்லை. "சரியாத்தானே சார் எழுதியிருக்கீங்க" என்றார். சரக்கை எண்ணி, பேரேட்டோடு ஒத்துப்பார்த்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்துத் தருபவர் அவர்.

நம் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் அடக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். 'கம்பெனியில் வேலை' என்றால் தீர்ந்தது. அவர்களுக்கோ அது தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஒரு 'இல்'லுக்கு இன்னா, அட்டா, ஃபாரா என்று மூன்று வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

பட்டதால் பண்டிதனாகிவிட்டேன் என்றொரு நினைப்பு. மகளின் பொது அறிவு நோட்டில் 'அட்டர்னி ஜெனரல் ஃபார் இந்தியா' என்று இருந்ததைப் பார்த்து, 'ஃபார்' மறுபடி வந்துவிட்டதே என்று அடித்து 'ஆஃப்' ஆக்கினேன். டீச்சர் என் திருத்தத்தை அடித்து அனுப்பினார். அரசியல் சட்டத்தைப் புரட்டினேன். 76ஆவது பிரிவில் அட்டர்னி ஜெனரல் 'ஃபார்' இந்தியா. 148இல் தணிக்கைத் துறைத் தலைவருக்கு ஆடிட்டர் ஜெனரல் 'ஆஃப்' இந்தியா. கோட்டையிலோ சீஃப் செக்ரட்டரி 'டு' கவர்ன்மென்ட். மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது என் விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று போட்டு, ஒரு கமா, பிறகு 'ஸ்டோர்ஸ்'. இதுவரை யாரும் அந்தக் கமா மேல் வட்டம் போடவில்லை.