நோர்வூட் நன்னகரும் பிஸ்கட் டின்னும்

எங்கள் வீட்டில் எழுத்தாளன் நான்தான். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடசாலைக் காலத்தில், தமிழ்மொழித் தினப் போட்டியில், கோட்ட மட்டத்தில், கட்டுரைக்கு மூன்றாம் இடம். மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று என் மனைவி ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அது தேவையில்லாத விபரம். சான்றிதழ், மலையகத்து நோர்வூட் பஜாரில் இருக்கிற எங்கள் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கரப்பான் தின்றது போக மிஞ்சியிருப்பது என் பெயரும் ‘இடம்’ என்ற சொல்லும்தான். எத்தனையாவது இடம் என்பதைப் பார்க்கிறவர்களின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டேன்.

ஆகவே, மகள் உயர்தரம் எழுதிவிட்டு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்த நேரம், கொழும்பில் ஒரு நிதியம் ‘என் ஊர், என் பெருமை’ என்று புலமைப்பரிசில் கட்டுரைப் போட்டி அறிவித்ததும், பேனையைத் தேடி ஓடியது அவள் அல்ல.

காசு தேவைதான், இல்லையென்று சொல்லவில்லை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொல உதவித்தொகையை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். பிள்ளை பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனால் போர்டிங் காசுக்கே அது காணாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாகக் கிடைக்கிற உதவித்தொகை ஒன்று உண்டு. கடைக்காரன் பிள்ளைக்கு அது கிடையாது. கடன் கொப்பியைக் காட்டினால் தந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

ஆனால் என்னைப் பிடித்தது காசு மட்டும் இல்லை. மலையகத்தில் போட்டி என்றால் சும்மா இல்லை. அறுபதுகளில் வீரகேசரியும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் நடத்திய சிறுகதைப் போட்டிகளில்தான் ஒரு தலைமுறையே எழுத வந்தது. பரிசுக் கதைகள் ‘கதைக்கனிகள்’ என்று 1971இல் புத்தகமாகவே வந்தன. தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 2013இல் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. நானும் ஒரு பெயர் வைத்திருந்தேன்: நோர்வூட் நாயகன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பில் கொப்பியின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ‘நா’வின் காலை நீட்டி மற்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு கோடாக இழுத்தால் நன்றாக வரும்.

“போட்டிக்கு எழுதப் போறது நான் அப்பா” என்றாள் மகள்.

“எழுது. யார் வேணாம்னா? குறிப்பு மட்டும் நான் தாறேன்.”

குறிப்பு பத்துப் பக்கம் வந்தது. முதலாவது, 2017 மே 12. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைத் திறந்துவைத்துவிட்டு எங்கள் நோர்வூட் தொண்டமான் மைதானத்தில் பேசினார். மலையகத்துக்கு ஏற்கனவே சொன்ன 4,000 வீட்டுக்கு மேலே இன்னும் 10,000 வீடு என்றார். கடையைச் சாத்திவிட்டு நானும் போயிருந்தேன். அவரை நேரில் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால், ஒரே மைதானத்தில் நின்றோம் என்பேன். நான் பார்த்தது முன்னால் நின்றவரின் பிடரி. அன்றைக்குப் பிரதமர் கணியன் பூங்குன்றனாரை வேறு நினைவுகூர்ந்தார். எல்லா ஊரும் நம்முடைய ஊர்தான் என்று அந்த மனுசன் சங்க காலத்திலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊர்ப்பெருமைப் போட்டிக்கு இதைவிட ஆபத்தான ஆள் கிடையாது. எல்லா ஊரும் ஒன்று என்றால் பரிசை எந்த ஊருக்குக் கொடுப்பது? அவரைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

இரண்டாவது, ஜூலியா மார்கரட் கெமரன். உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1879இல் எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் காலமாகி, அந்தப் பக்கம் பொகவந்தலாவ தேவாலயத்தில் அடக்கமானவர்.

“இதுல நோர்வூட் எங்க வருது?”

“பொகவந்தலாவைக்கு நம்ம சந்தியைத் தாண்டித்தானே கொண்டு போயிருப்பாங்க?”

“பொணம் போன வழியெல்லாம் பெருமையா அப்பா?”

மூன்றாவது, கெஹெல்கமு ஓயா. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, 1965இலிருந்து நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கிறது. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மழை கொஞ்சம் பலத்தால் அப்படித்தான். மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தப் பந்தியை முடித்தேன்.

நான்காவது, சிவனொளிபாதமலை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற யாத்திரை பஸ்ஸெல்லாம் நோர்வூட்டைத் தாண்டித்தான் போகும். தாண்டித்தான் போகும் என்பதை நான் அடிக்கோடிட்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, “நம்ம கடையில நிப்பாட்டி என்ன கேப்பாங்கன்னும் எழுதுங்க” என்றாள். கேட்பது டொய்லட். கூச்சத்துக்கு ஒரு இஞ்சி பிஸ்கட் பக்கெட் வாங்குவார்கள். சீசனில் எங்கள் வருமானமே அந்தக் கூச்சம்தான்.

இதற்கிடையில் மகள் போனை எடுத்து, நோர்வூட்டைப் பற்றி உலகம் என்ன சொல்கிறது என்று தேடியிருக்கிறாள். உலகம் நிறையச் சொல்கிறது, எங்களைப் பற்றி இல்லை. தென் லண்டனில் ஒரு நோர்வூட். ஷெர்லொக் ஹோம்ஸ் அங்கே போய் ஒரு கேஸ் பிடித்திருக்கிறார், 1903இல் வந்த கதை. அமெரிக்காவில் பொஸ்டனுக்குப் பக்கத்தில் ஒன்று. அவுஸ்திரேலியாவில் அடிலெய்டில் ஒன்று. அதற்குச் சொந்தமாக உதைபந்தாட்டக் கழகமே இருக்கிறது. தோட்டத்துக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரத் துரைமார் ஊர் ஞாபகத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மலை மலையாக இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களைச் சுற்றி ஸ்டொக்ஹோம்கூட இருக்கிறது. நோபல் பரிசு மட்டும் அந்த ஸ்டொக்ஹோமில் கொடுப்பதில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். “அப்பா, இதுல ஒரு படம் வருது பாருங்க” என்றாள்.

பார்த்தேன். ஏழு தலைகள். முதல் தலையில் முடி நிறைய. ஏழாவதில் காதுக்கு மேலே ஒரு விளிம்பு மட்டும். நோர்வூட் அளவுகோல். ஆம்பிளைகளின் வழுக்கையை அளப்பதற்கு ஹமில்டன் என்கிறவர் 1951இல் போட்ட கணக்கை 1975இல் நோர்வூட் என்ற டொக்டர் திருத்தியிருக்கிறார். உலகத்தில் எந்த மூலையில் ஒருவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று கவலைப்பட்டாலும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கவலைப்படுகிறான். வீட்டார் மூன்று பேரும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மகன், அவன் ஒன்பதாம் ஆண்டு, தீர்ப்புச் சொன்னான்: “அஞ்சு. பின்னாலயிருந்து பார்த்தா ஆறு.” ஊரின் பெயரை இவ்வளவு நெருக்கமாகச் சுமந்துகொண்டிருக்கிற இன்னொரு ஆள் நோர்வூட்டில் இருக்கிறானா? இதைக் குறிப்பில் சேர்க்கலாம் என்றதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மகள் ஒரு வரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் இரண்டு இரவு உட்கார்ந்து செதுக்கிய ஆரம்ப வரியையும்தான். அது இது: எழில் கொஞ்சும் மலையன்னையின் மடியில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல், முகில்கள் முத்தமிட, அருவிகள் தாலாட்ட, துயில்கொள்ளும் எங்கள் நோர்வூட் நன்னகர்.

“காலையில அஞ்சு மணிக்கு எழும்புற ஊரு. எப்ப அப்பா துயில் கொண்டுச்சு?”

அலங்காரம் தெரியாத பிள்ளை. கட்டுரைப் போட்டி என்பது தேயிலை ருசிபார்ப்புதான். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883இல். பொதுநலவாய நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நடக்கிற அந்தப் பெரிய கட்டுரைப் போட்டி தொடங்கியதும் அதே 1883இல்தான். இரண்டு இடத்திலும் ஒரு ஆள் கொஞ்சமாக உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார். முதல் மிடறிலேயே நல்ல விலையை அவர் சொல்ல வேண்டும். ஆரம்ப வரி சப்பென்றிருந்தால் மலிவு விலையில் தள்ளிவிடுவார். நல்லதெல்லாம் ஏலத்துக்குப் போய், டஸ்ட்டில் சாயத்தண்ணி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

இந்த இடத்தில்தான் முகவரி வந்தது. விண்ணப்பப் படிவத்தில் வீட்டு இலக்கம், வீதி, தபாற் குறியீடு என்று மூன்று கட்டம். பஜாரில் இருப்பதால் எங்களுக்கு இலக்கம் உண்டு. மகளோடு படித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வரிசைவீடாக லயம் உண்டு, அதில் காம்பரா உண்டு, இலக்கம் கிடையாது. லயத்துக்கு வரும் கடிதமெல்லாம் கட்டாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கேயிருந்து யார் கையில் கிடைக்கிறதோ அவர் கையில் ஏறி, கொழுந்து லொறியில் கொஞ்சத்தூரம், கங்காணி சட்டைப்பையில் கொஞ்சத்தூரம் என்று வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதை கிட்டத்தட்ட ஒவ்வொரு லயத்திலும் ஒன்று இருக்கும். மலையகத்தார் வந்து 200 வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். அந்த நடையில் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டிருந்தால் சீக்கிரம் வந்து சேர்ந்திருக்கும்.

அதனால் தோட்டத்துச் சனம் முக்கியமான கடிதத்துக்கெல்லாம் கடை முகவரியைக் கொடுப்பது வழக்கம். எங்கள் கல்லாவுக்குக் கீழே அதற்கென்றே ஒரு பழைய மலிபன் பிஸ்கட் டின். அடியில் துரு, மூடியில் மகன் சின்னதில் ஒட்டிய கிரிக்கெட் ஸ்டிக்கர், உள்ளே வங்கிக் கடிதம், கிளினிக் கொப்பி, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகள் அனுப்பிய போட்டோ. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாமார் தேயிலைக் கறை விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “மொதலாளி, நம்மளுக்கு ஏதும் வந்திருக்கா?” என்பார்கள். வந்திருந்தால் வாசித்துச் சொல்லவும் வேண்டும். பெரிய எழுத்து வரும் இடங்களில் நான் கொஞ்சம் உணர்ச்சியோடு வாசிப்பேன். கரண்ட் பில்லைக் கேட்டுவிட்டு ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டது என் வாசிப்பாலா பில்லின் தொகையாலா என்பது இன்னும் தீரவில்லை.

போட்டிக்கும் பிள்ளைகள் நம்ம கடை முகவரியைக் கேட்டு வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? முகவரியோடு ஆரம்ப வரியையும் கொடுத்தேன். வீட்டில் விலைபோகாத சரக்கு வெளியில் போனதில் எனக்கு அளவில்லாத திருப்தி. “மாமா, சூப்பரா இருக்கு” என்றான் ஒரு பையன். அவனுக்கு ஒரு டொபி இலவசம்.

மகள் தன்னுடையதை ஒட்டுவதற்கு முன் எனக்குப் படிக்கத் தந்தாள். ஊர்ப்பெருமை எழுதச் சொன்னால் பிஸ்கட் டின்னைப் பற்றி எழுதியிருக்கிறாள். மோடி இல்லை, கெமரன் இல்லை, மலையன்னை மருந்துக்கும் இல்லை. யார் யாருடைய கடிதம், எத்தனை நாள் கிடந்தது, யார் வந்து எடுத்தார்கள், எடுக்க வராமலே போனது யாருடையது என்று ஒரே கணக்கு. நடுவில் ஒரு வரி: ‘கடையில் அப்பா கடிதங்களைச் சத்தமாக வாசிப்பார், கேட்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.’

“பொறுத்துக்கொள்வார்கள்ங்கிறதை ரசிப்பார்கள்னு மாத்தினா என்ன?” என்றேன். உறையை நாக்கால் தடவி ஒட்டிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து கொழும்பிலிருந்து போன். மரியாதையான குரல்.

“ஐயா, இந்த முகவரியில் இருக்கிறவர் நீங்கள்தானே?”

“ஆமாங்க, நான்தான்.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?”

“ரெண்டுங்க.”

கடதாசி புரளும் சத்தம். “இங்கே பன்னிரண்டு கட்டுரை வந்திருக்கிறது. எல்லாம் இந்த முகவரி. எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே வயது.”

என் மனைவி பருப்பு நிறுப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“பதினொன்றில் அருவி தாலாட்டுகிறது, ஐயா.”

“வரி நல்லா இருக்குங்களா?” என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மொத்தக் கட்டையும் ஒதுக்கி வைக்க இருந்தார்களாம். ஒரு கட்டுரையில் மட்டும் ஏதோ டின் வந்ததால் யோசித்துப் போன் எடுத்தாராம். நான் லயம், ஆபீஸ், கங்காணி சட்டைப்பை எல்லாவற்றையும் விளக்கினேன். “லயத்துக்கு இலக்கம் போடக் கூடாதா?” என்று கேட்டார். நல்ல மனுசன். நான் போட வேண்டிய இலக்கம் மாதிரி என்னிடமே கேட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. மற்றப் பதினொரு வீட்டாரும் தினம் கடைக்கு வந்து டின்னை எட்டிப் பார்க்கிறார்கள். வந்த கையோடு கடனுக்கு மாவும் சீனியும் வாங்கிப் போகிறார்கள். வந்தது அடுத்த வருஷப் போட்டிக்கான விதிகள் மட்டும்தான். புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்: ஒரு முகவரியிலிருந்து ஒரு கட்டுரை மட்டுமே ஏற்கப்படும்.

அடுத்த வருஷம் எழுத இப்போதே பிள்ளைகள் கேட்டு வந்துவிட்டார்கள். பஜாரில் இலக்கம் உள்ள கடையாகப் பிடித்து ஆளுக்கொன்று பிரித்துக் கொடுப்போம் என்று மனைவி ஒரு பட்டியல் போட்டாள். மருந்துக்கடை சரி என்றது. பேக்கரி சரி என்றது. அடுத்தது சலூன். அங்கே என்னைத்தான் அனுப்பினாள்.

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் முழுவதையும் கேட்டார். பிறகு என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முகவரி தாறேன், மொதலாளி. ஆனா கடைசியா நீங்க இந்த நாற்காலியில எப்ப உக்காந்தீங்க?”

உட்கார்ந்தேன். அவர் துணியைக் கட்டி, காதுக்கு மேலே இருந்த விளிம்பை ரொம்ப நேரம் எடுத்து வெட்டினார். முழுத் தலைக்குரிய காசை வாங்கிக்கொண்டார்.